மாற்றுச் சேலையோடு பள்ளிக்குப் போன ஆசிரியை

நம் தெருக்களில் இன்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, அம்மையநாயக்கனூர், விளாம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பி.எட். முடித்த பிள்ளைகளையும், ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த பிள்ளைகளையும் காலனிகளில் பார்க்க முடிகிறது. சிலருக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. பலர் தனியார் பள்ளியில் கைக்கும் வாய்க்கும் எட்டாத சம்பளத்தில் நிற்கிறார்கள்.

முதல் வருடம் வேலைக்குப் போன பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வகுப்பைக் கட்டுக்குள் வைக்க முடியவில்லை. பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களில் சிலர் முதல் பீரியடிலேயே தூங்குகிறார்கள். பின் பெஞ்சில் ஒரு கூட்டம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது. மூத்தவர்கள் கொடுக்கும் யோசனையும் ஒரே மாதிரிதான். முதல் வாரத்திலேயே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள், பிரம்பைக் காட்டு, பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள்.

பிரம்பால் வகுப்பு அமைதியாகும் என்பது உண்மைதான். அந்த அமைதியில் யார் படித்தார்கள், யார் பள்ளியை விட்டே போனார்கள் என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, 17 வயதில் ஆசிரியர் வேலையைத் தொடங்கிய ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் படிப்பது நல்லது. அவர் சாவித்திரிபாய் பூலே. பெயர் நமக்குத் தெரியும். படம் நம் மன்றங்களின் சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு ஜனவரி 3ஆம் தேதியும் மாலை போடுகிறோம். அவர் வகுப்பறையில் என்ன செய்தார், எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதை மட்டும் அதிகம் பேசுவதில்லை.

பூக்காரக் குடும்பம்

சாவித்திரிபாய் 1831 ஜனவரி 3 அன்று மராட்டிய நாட்டில் சாத்தாரா மாவட்டத்து நாய்காவ் என்ற கிராமத்தில் பிறந்தார். மாலி என்ற சாதி. தோட்டம் போடுவதும் காய்கறி, பூ விளைவிப்பதும் அவர்களுடைய தொழில். 9 வயதில், 1840இல், புனேயில் இருந்த ஜோதிராவுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். ஜோதிராவுக்கு அப்போது 13 வயது.

ஜோதிராவின் முன்னோர்கள் பேஷ்வா அரண்மனைக்குப் பூ கொடுத்து வந்தவர்கள். மராத்தியில் பூவுக்குப் பூல் என்று பெயர். அந்தத் தொழிலால் வந்த பட்டப் பெயர்தான் பூலே. விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து நிற்கும் நம் ஊர்ப் பெண்களுக்கும், பூச்சந்தைக்கு மூட்டை சுமக்கும் நம் ஆட்களுக்கும் இந்தப் பெயர் அந்நியமான பெயர் அல்ல.

அந்தக் காலத்துப் புனேயை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பேஷ்வாக்களின் ஆட்சி 1818இல்தான் முடிந்திருந்தது. மகர், மாங் போன்ற தீண்டப்படாத மக்கள் தெருவில் நடந்தால் தங்கள் காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டும், எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் சட்டி தொங்கவிட வேண்டும் என்ற கொடுமையை அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அந்த ஆட்சி போய் 30 வருடம்கூட முழுதாக ஆகவில்லை. சட்டி போயிருக்கலாம், மனம் போகவில்லை. பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று எல்லாச் சாதியிலும் நம்பினார்கள். மாலி சாதியாரும் அதற்கு விலக்கில்லை.

கல்யாணம் ஆகி வந்தபோது சாவித்திரிபாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜோதிராவின் படிப்பே ஒருமுறை அறுந்துபோனது. தோட்டக்காரப் பையனுக்குப் படிப்பு எதற்கு என்று சிலர் சொன்னதைக் கேட்டு அப்பா கோவிந்தராவ் அவரைப் பள்ளியில் இருந்து நிறுத்திவிட்டார். அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவரும் ஓர் ஐரோப்பியரும் எடுத்துச் சொன்ன பிறகு, 1841இல் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் மீண்டும் சேர்ந்து 1847இல் படிப்பை முடித்தார். பாதியில் நின்ற பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப, வெளியில் இருந்து யாராவது ஒருவர் வீடு வரை வந்து பேச வேண்டியிருக்கிறது என்பதை ஜோதிராவ் தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர்.

கற்றபின் கற்பிக்கப் போனார்

சாவித்திரிபாய்க்கு முதல் ஆசிரியர் கணவர்தான். ஜோதிராவை வளர்த்த உறவுக்காரப் பெண்மணி சகுணாபாயும் சேர்ந்து படித்தார். ஒரு மிஷன் வீட்டில் வேலை செய்ததால் சகுணாபாய்க்கு ஆங்கிலம் கொஞ்சம் பழக்கம் இருந்தது.

வீட்டில் எழுத்துக் கற்றதோடு சாவித்திரிபாய் நின்றுவிடவில்லை. அகமதுநகரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சிந்தியா ஃபாரர் நடத்திய நிறுவனத்திலும், புனேயில் மிட்செல் அம்மையார் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் முறையாகப் பயிற்சி பெற்றார். இந்த இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சேவை மனம் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் சேரிப் பிள்ளைக்குப் பாடம் நடத்தலாம் என்ற எண்ணம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பூலே தம்பதி அப்படி நினைக்கவில்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் நன்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவை. 

1848இல் புனே புதவார் பேட்டையில் பிடே என்பவரின் வீட்டில் பெண் குழந்தைகளுக்கான பள்ளி தொடங்கியது. ஆரம்பத்தில் வந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. இந்தியர்களே நடத்திய முதல் பெண்கள் பள்ளிகளில் ஒன்று அது. 17 வயது சாவித்திரிபாய் அங்கே ஆசிரியை ஆனார். சம்பளம் வாங்கவில்லை.

தெருவைத் தாண்டித்தான் வகுப்பு

வகுப்புக்குள் போகும் முன்பே அவருக்குச் சோதனை தொடங்கிவிட்டது. வீட்டில் இருந்து பள்ளிக்குப் போகும் வழியில் ஆண்கள் நின்று ஏசினார்கள். சாணியும் சேறும் வீசினார்கள், கல்லும் எறிந்தார்கள். பள்ளி போய்ச் சேரும்போது சேலை பாழாகியிருக்கும். அதனால் பையில் இன்னொரு சேலை எடுத்துப்போவார். பள்ளிக்குப் போனதும் மாற்றிக்கொண்டு பாடம் நடத்துவார். மாலையில் அழுக்குச் சேலையையே திரும்பக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் நாம் அவருடைய துணிச்சலைப் பாராட்டுகிறோம். ஓர் ஆசிரியையாக அவர் என்ன யோசித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். சேறு படிந்த சேலையோடு டீச்சர் வகுப்பில் நின்றால் அந்தச் சிறுமிகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? படிக்க வந்தால் நமக்கும் இதுதான் கதி என்று பயப்படுவார்கள். பாதிப் பேர் மறுநாள் வரமாட்டார்கள். தெருவில் நடந்த அசிங்கம் வகுப்பறை வாசலோடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாற்றுச் சேலை. தனக்கு நேர்ந்த அவமானத்தைப் பிள்ளைகளின் தலையில் இறக்கவில்லை. யாரிடமோ பட்ட கோபத்தை எந்தப் பிள்ளையிடமும் காட்டவில்லை. வகுப்பை நடத்துவதில் முதல் பாடம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

தலைமை ஆசிரியரிடம் திட்டு வாங்கிவிட்டு வந்து பிள்ளைகளை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓய்வறையில் தன் டம்ளரைத் தனியாக வைக்கிறார்கள் என்று மனம் புண்பட்டு, வகுப்புக்கு வந்து எரிந்து விழும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் புண் நியாயமானது. அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. அதைச் சுமக்க வேண்டியவர் ஆறாம் வகுப்புப் பிள்ளை அல்ல.

கூட நின்றவர்கள்

தெருவில் நடந்த எதிர்ப்பு வீட்டுக்கும் வந்தது. ஊராரின் நெருக்கடி தாங்காமல் 1849இல் கோவிந்தராவ் மகனையும் மருமகளையும் வீட்டை விட்டுப் போகச் சொன்னார். போக இடமில்லாத அவர்களுக்கு நண்பர் உஸ்மான் ஷேக் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அந்தக் குடும்பத்துப் பெண் பாத்திமாவும் சாவித்திரிபாயோடு பள்ளிப் பணியில் சேர்ந்தார். 1856இல் உடம்பு சரியில்லாமல் பிறந்த ஊரான நாய்காவில் தங்கியிருந்தபோது சாவித்திரிபாய் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் இல்லாததால் பாத்திமாவுக்கு வேலைச் சுமை கூடியிருக்கும் என்ற கவலை அதில் வருகிறது. 

அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மகர்களுக்கும் மாங்குகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்ப மானத்தைக் கெடுக்கிறீர்கள் என்று அவருடைய சகோதரர் வாதாடியிருக்கிறார். சாவித்திரிபாய் அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஆட்டையும் மாட்டையும் தொட்டுத் தடவுகிறோம், மனிதரைத் தொட மறுக்கிறோம் என்ற முரணை எடுத்துச் சொல்லி, படிப்பு மனிதருக்கு என்ன செய்யும் என்று விளக்கியிருக்கிறார். அம்மா அதைக் கேட்டு மனம் நெகிழ்ந்ததாக எழுதுகிறார். 

புதிய ஆசிரியர் ஒருவர் தனியாக நின்றால் ஒரு வருடத்தில் சோர்ந்துபோவார். சாவித்திரிபாய்க்குக் கணவர் இருந்தார், சகுணாபாய் இருந்தார், பாத்திமா இருந்தார். உடம்புக்கு முடியாமல் போனால் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. மனம் விட்டுப் பேச ஆள் இருந்தது. நம் வட்டாரத்தில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் நம் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாமல் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினால் போதும், பாதிப் பாரம் குறையும்.

கேள்வி கேட்ட சிறுமி

1851, 1852 வருடங்களில் பூலே தம்பதி புனேயில் மேலும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பெண்கள் பள்ளிகளோடு மகர், மாங் பிள்ளைகளுக்கான பள்ளிகளும் தனியாகத் திறக்கப்பட்டன. 1852 நவம்பரில் அரசாங்கமே ஜோதிராவைப் பொது விழாவில் கௌரவித்தது. 1855இல் பகலில் வேலைக்குப் போகும் விவசாயிகளுக்கும் கூலிக்காரர்களுக்கும் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். பகலில் வர முடியாதவரைச் சோம்பேறி என்று திட்டாமல், அவர் வரக்கூடிய நேரத்துக்குப் பள்ளியை மாற்றினார்கள்.

இந்தப் பள்ளிகள் என்ன சாதித்தன என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அவர் பெயர் முக்தா சால்வே. மாங் சாதியில் பிறந்த சிறுமி. பூலே தம்பதியின் பள்ளியில் மூன்று வருடம் அளவுக்குப் படித்தவர். மகர், மாங் மக்களின் துயரம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா என்ற மராத்திப் பத்திரிகையில் வெளியானது. தலித் பெண் ஒருவர் எழுதி அச்சேறிய மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

அந்தக் கட்டுரையில் அந்தச் சிறுமி யாருக்கும் பணிந்து எழுதவில்லை. வேதம் பிராமணருக்கே உரியது, எங்களுக்கு அதைப் பார்க்கவும் உரிமை இல்லை என்றால், எங்களுக்கென்று எந்த மதம்தான் இருக்கிறது என்று கேட்டார். பேஷ்வாக்கள் காலத்தில் பெரிய கட்டடங்களின் அஸ்திவாரத்தில் தன் மக்களை உயிரோடு புதைத்த கொடுமையை எழுதினார். தலைக்கு மேல் கூரை இல்லாமல், மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தன் இனத்துப் பெண்களின் பாட்டை எழுதினார். கடைசியில் மகர்களையும் மாங்குகளையும் பார்த்து, படிப்பு ஒன்றே நம் நோய்க்கு மருந்து என்று சொல்லி முடித்தார்.

இப்படி ஒரு கட்டுரை எழுதும் பிள்ளை எப்படிப்பட்ட வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாயை மூடு என்று தினமும் கேட்ட பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது. தன் தெருவின் கதையை வகுப்பில் சொல்ல வெட்கப்பட்ட பிள்ளைக்கும் வராது. தன் வீட்டில் நடப்பதும் பாடத்தில் சேரும், அதை எழுதலாம், டீச்சர் படிப்பார் என்ற நம்பிக்கை அந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டும். ஒரு வகுப்பு நன்றாக நடக்கிறதா என்று பார்க்க வரும் அதிகாரிகள் சத்தம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சாவித்திரிபாயின் வகுப்பை அளக்க வேண்டுமானால் முக்தாவின் கேள்வியை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சாவித்திரிபாயே எழுதுகிறவர் என்பதை இங்கே நினைக்க வேண்டும். அவருடைய முதல் கவிதை நூல் காவ்யபூலே 1854இல் வந்தது. அப்போது அவருக்கு 23 வயது. எழுதும் டீச்சரைப் பார்த்த பிள்ளை எழுதத் துணிகிறது.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது

1857 கலகத்துக்குப் பிறகு ஐரோப்பியர்களின் நன்கொடை குறைந்தது. நிர்வாகக் குழுக்களிலும் கருத்து வேறுபாடு வந்தது. பள்ளிகள் நலிந்தன. பெரும் பாடுபட்டுக் கட்டியது கண் முன்னால் தளர்வதைப் பார்ப்பது எளிதல்ல. ஆனாலும் சாவித்திரிபாய் வீட்டுக்குள் போய் உட்காரவில்லை. பள்ளிக்கு வராத பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று தேடிப்போனார்.

விதவைகளுக்குப் பிறக்கும் குழந்தைகளைக் கொன்றுவிடும் கொடுமை அன்று மேல்சாதிக் குடும்பங்களில் இருந்தது. அப்படிப்பட்ட பெண்கள் ரகசியமாக வந்து பிள்ளை பெற்றுக்கொள்ள 1863இல் தங்கள் வீட்டிலேயே ஒரு காப்பகம் தொடங்கினார்கள். அங்கே வந்த ஒரு பிராமண விதவையின் மகனைத்தான் பிறகு தத்தெடுத்து யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். 1868இல் தங்கள் வீட்டுக் கிணற்றைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1873 செப்டம்பர் 24 அன்று ஜோதிராவ் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கியபோது, அதன் பெண்கள் வேலைகளைச் சாவித்திரிபாய் முன்னின்று நடத்தினார்.

பிறகு பெரும் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் சேர்த்து வாட்டிய அந்தப் பஞ்சத்தை நம் பாட்டன் பூட்டன்கள் தாது வருடப் பஞ்சம் என்று சொல்வார்கள். அப்போது சாவித்திரிபாய் ஜுன்னர் பக்கத்துக் கிராமங்களில் சத்தியசோதக் தொண்டர்களோடு அலைந்தார். 1877 ஏப்ரலில் ஓதூரில் இருந்து அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தில் செத்து விழும் கால்நடைகளும், ஊரை விட்டு ஓடும் மக்களும், பஞ்சத்திலும் வட்டி கறக்கும் லேவாதேவிக்காரர்களும் வருகிறார்கள். பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போடும் சத்திரங்களை இருவரும் நடத்தினார்கள்.

பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி அல்ல. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டி என்று நாம் ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறோம். முதல் பீரியடில் தூங்கும் பிள்ளையைப் பார்த்ததும் பெஞ்சு மேல் ஏற்றாமல், காலையில் சாப்பிட்டாயா, எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்க வேண்டும் என்பதுதான் இந்த வரலாறு ஆசிரியருக்குச் சொல்வது. நம் பக்கத்தில் பூ சீசனில் அம்மாவோடு இருட்டிலேயே தோட்டத்துக்குப் போய்ப் பூ பறித்துவிட்டு, முகம் கழுவி, அப்படியே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தூக்கத்துக்குப் பெயர் ஒழுங்கீனம் அல்ல.

எப்படிப்பட்ட ஆசிரியர் வேண்டும்

1882இல் கல்வி பற்றி விசாரிக்க ஹண்டர் தலைமையில் ஒரு கமிஷன் வந்தது. ஜோதிராவ் அதற்கு எழுத்தில் சாட்சியம் கொடுத்தார். தானும் தன் மனைவியும் பல வருடம் பள்ளிகளில் உழைத்த அனுபவத்தை அதில் குறிப்பிட்டார். 12 வயது வரையிலாவது ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றார். கிராமப் பள்ளி ஆசிரியர்கள் நல்ல பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும், உழைக்கும் சாதிகளில் இருந்து வர வேண்டும், மக்களோடு தாராளமாகப் பழகி அவர்கள் தேவையை அறிந்தவர்களாக இருக்க வேண்டும், மாதம் 12 ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் வாங்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார். பாடத்தில் வாசிப்பு, எழுத்து, கணக்கோடு விவசாயமும் உடல்நலமும் சேர வேண்டும் என்றார்.

அந்த நான்கு நிபந்தனைகளையும் ஒன்றாகப் படிக்க வேண்டும். பயிற்சி வேண்டும், மக்களில் ஒருவராக இருக்க வேண்டும், அவர்களோடு பழக வேண்டும், கௌரவமான சம்பளம் வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் மற்றது நிற்காது. சேவை என்று பெயர் சொல்லி ஆசிரியருக்கு அரை வயிற்றுச் சம்பளம் கொடுக்கிறவர்களுக்குப் பூலே தம்பதியின் படத்தை மாட்ட உரிமை இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் தெருவுக்குள் கால் வைக்காதவர்களுக்கும் இல்லை.

முதுகில் சுமந்த கடைசிப் பிள்ளை

1890 நவம்பர் 28 அன்று ஜோதிராவ் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் கொள்ளிச் சட்டியை யார் பிடிப்பது என்று உறவினர்கள் தகராறு செய்தபோது, சாவித்திரிபாயே சட்டியை ஏந்தி முன்னே நடந்தார். பெண் சுடுகாட்டுக்கே போகாத காலம் அது. 1893இல் சாஸ்வட் ஊரில் நடந்த சத்தியசோதக் சமாஜ மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

1897இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. டாக்டராகியிருந்த மகன் யஷ்வந்த் ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் ஒரு மருத்துவமனை போட்டார். சாவித்திரிபாய்க்கு வயது 66. நோயாளிகளைத் தேடிப்போய்க் கூட்டிவரும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். முண்ட்வா ஊரின் மகர் குடியிருப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன் நோயில் கிடப்பதாகச் செய்தி வந்தது. போய், அவனைத் தன் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். பையன் பிழைத்துக்கொண்டான். அவரைப் பிளேக் பற்றிக்கொண்டது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். அண்ணல் அம்பேத்கர் புத்தர், கபீர் இவர்களோடு ஜோதிராவைத் தன் மூன்று குருமார்களில் ஒருவராகச் சொன்னார். 2014இல் புனே பல்கலைக்கழகத்துக்குச் சாவித்திரிபாயின் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டிலும் இதே பாதையில் நடந்தவர்கள் இருந்தார்கள். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, நம் பிள்ளைகளுக்குப் படிப்போடு தங்க இடமும் சோறும் சேர்த்துக் கொடுத்தார்.

இன்றைய வகுப்பறைக்கு

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடுப்பதில் இருந்து ஆசிரியர் இடமாற்றம் வரை அதில் பல பரிந்துரைகள் இருக்கின்றன. அரசு செய்ய வேண்டியதை அரசிடம் நாம் தொடர்ந்து கேட்போம். நிலக்கோட்டை தனித் தொகுதி. நம் ஓட்டில் ஜெயித்தவர்களிடம் இதைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

அரசாணைக்குக் காத்திராமல் புதிய ஆசிரியர் நாளைக் காலையிலேயே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. சாவித்திரிபாயின் வாழ்க்கையை முன்னால் வைத்துக்கொண்டு அவற்றைச் சொல்கிறோம்.

முதல் மாதத்துக்குள் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வாயில் வர வேண்டும். ஊர்ப் பெயர், தெருப் பெயர், அப்பா தொழில் சொல்லி எந்தப் பிள்ளையையும் கூப்பிடக் கூடாது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது. அந்தப் பட்டியலைப் படித்த நிமிடமே யார் எந்தச் சாதி என்று வகுப்புக்கே தெரிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுப் படிவம் வாங்கினால் ஐந்து நிமிடம்தான் கூடுதலாகும்.

உட்காரும் இடத்தை வாரா வாரம் மாற்ற வேண்டும். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் சேர்வது தானாக நடப்பது போலத் தெரியும். அதைத் தானாக விட்டால் ஊரில் உள்ள கோடு வகுப்பிலும் விழுந்துவிடும். கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, கரும்பலகை துடைப்பது எல்லாம் ரிஜிஸ்டர் வரிசைப்படி எல்லோருக்கும் முறை வைக்க வேண்டும். கழிவறை கழுவும் வேலையை எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது.

மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் போக வேண்டும். காலனியில் இருந்து வந்த ஆசிரியர் ஊருக்குள் உள்ள வீட்டுக்கும் போக வேண்டும். ஊரில் இருந்து வந்த ஆசிரியர் காலனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். அந்த ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்த பிள்ளை மறுநாள் வகுப்பில் நிமிர்ந்து உட்காரும். பத்தாம் வகுப்போடு மில் வேனில் ஏறப்போகும் பெண் பிள்ளையின் வீட்டில் போய்ப் பேசி ஒரு வருடம் தள்ளிப்போட முடிந்தாலும் அது ஒரு வாழ்க்கையைக் காப்பாற்றுவதுதான். ஜோதிராவுக்காக இரண்டு பெரியவர்கள் அவர் அப்பாவிடம் பேசப் போகாமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடை செய்துவிட்டது. அடிக்காமல் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து முதல் வாரத்தில் எழுதுங்கள். நான்கு விதி போதும். சுவரில் ஒட்டுங்கள். மீறினால் என்ன என்பதையும் அவர்களே சொல்லட்டும். அது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தலைவர் வீட்டுப் பையனுக்கு ஒன்று, பூ பறிப்பவர் மகனுக்கு ஒன்று என்று ஆனால், அந்த வகுப்பை யாராலும் திரும்பக் கட்ட முடியாது. பிள்ளைகள் கண்டிப்பைத் தாங்கிக்கொள்வார்கள். பாரபட்சத்தைத் தாங்கமாட்டார்கள்.

வாரத்தில் ஒரு பீரியட் எழுதுவதற்கு விடுங்கள். தன் தெரு, தன் வீடு, தன் அம்மா வேலை, தான் பார்த்த அநியாயம் என்று எதையாவது எழுதட்டும். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அதில் உங்கள் சாதியைப் பற்றியோ உங்கள் பள்ளியைப் பற்றியோ ஒரு கேள்வி இருக்கலாம். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

மூன்று வருடம் படித்த ஒரு சிறுமி 1855இல் அப்படி ஒரு கேள்வி கேட்டார் என்றால், 12 வருடம் படிக்கும் நம் பிள்ளைகள் எத்தனை கேள்வி கேட்க வேண்டும்? அவர்கள் இன்னும் கேட்கவில்லை என்றால், முதலில் நம் வகுப்பறையைத்தான் பார்க்க வேண்டும்.